மூணு சென்டிமீட்டர் தண்ணி

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் ஒரு மூலையில் தகரத் தொட்டி ஒன்று இருக்கும். அதில் ஒரு குட்டிப் படகு, குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் நகர்த்துற மாதிரி ஒரு எடை, கோணம் காட்டும் முள். மெட்டாசென்ட்ரிக் ஹைட் எக்ஸ்பெரிமென்ட். எடையை நகர்த்துவோம், ரீடிங் எழுதுவோம், சரியா வரலைன்னா பக்கத்து பேட்ச் ரெக்கார்டைப் பார்த்து "சரிசெய்வோம்", சைன் வாங்கிக்கொண்டு கேன்டீனுக்குப் போவோம். செகண்ட் இயரில் நானும் அப்படித்தான் செய்தேன். பத்துக்கு ஒன்பது மார்க்.

அந்த எக்ஸ்பெரிமென்ட் எனக்கு உண்மையிலேயே புரிந்தது 2025 பிப்ரவரியில். மேலூர் பக்கம் ஒரு கண்மாயில், நெஞ்சளவு தண்ணியில், ஒரு கையில் கவிழ்ந்த படகையும் இன்னொரு கையில் நீச்சல் தெரியாத என் கிளாஸ்மேட்டின் சட்டைக் காலரையும் பிடித்துக்கொண்டு நின்றபோது.

அவன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். அதனால் கட்டுரை முழுக்க "மாப்ள" என்றே எழுதுகிறேன்.

செல்லூர்க்காரனுக்குப் படகு எதுக்கு?

நியாயமான கேள்வி. எங்கள் ஏரியா என்றால் தறி, கபடி, வைகையின் வடகரை. கடலுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் 2024 அக்டோபர் 25 ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி வராது. அன்றைக்குப் பெய்த மழையில் செல்லூர் தெருக்களில் தண்ணி ஏறி வீட்டுக்குள் வந்தது. கண்மாய்த் தண்ணியை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி வாய்க்கால் எங்கள் தெருக்களின் நடுவேதான் ஓடுகிறது, மழை வலுத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். தாத்தாவை பிளாஸ்டிக் சேரில் உட்கார வைத்து நானும் அப்பாவும் தூக்கிக்கொண்டு போனோம். தாத்தா அந்த நிலைமையிலும், "ஒரு பரிசல் வாங்கிப் போட்டிருக்கலாம்டா" என்றார். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் அது மண்டையில் நின்றுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்: யூடியூப். அமெரிக்காவில் பாஸ் ஃபிஷிங் என்று ஒன்று இருக்கிறது. நம்ம ஊர் "என்ன பாஸ்" இல்லை, இது மீன். ஏரியில் பாசிக்கும் முங்கின மரத்துக்கும் அடியில் ஒளிந்து நின்று, மேலே போகிற தவளையையோ சின்ன மீனையோ ஒரே பாய்ச்சலில் அடிக்கும். அதைப் பிடிக்க அவர்கள் வைத்திருக்கும் படகுகளில் அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஸ்டேஜ் மாதிரி மட்டமான தளம் இருக்கும். அதில் நின்றுகொண்டு தூண்டில் வீசுவார்கள். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் இதைப் பார்த்துக் கெட்டுப்போன பயலுக ரெண்டு பேர், நானும் மாப்ளயும்.

பாஸ் மீன் நம்மிடம் இல்லை. ஹோட்டலில் "ஸீ பாஸ்" என்று விற்கிற கொடுவா வேறு சாதி, கழிமுகத்து மீன். ஆனால் அதே மாதிரி ஒளிந்து நின்று அடிக்கிற மீன் நம்ம கண்மாய்களில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது: விரால். பாஸுக்காகச் செய்த அதே ரப்பர் தவளையை விரால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும். அதனால் இந்தக் கட்டுரையில் பாஸ் வருகிற இடத்தில் எல்லாம் விரால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கினது, காய வைத்தது

2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கடற்கரை முழுக்க நிவாரணமாக ஏராளமான ஃபைபர் படகுகள் வந்தன. கட்டுமரம் ஓட்டினவர்கள் பலர் ஃபைபருக்கு மாறினார்கள். இருபது வருஷம் கழித்து அந்தத் தலைமுறைப் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடப்பதை ராமநாதபுரம் பக்கம் பார்க்கலாம். கடல் படகு 28, 30 அடி இருக்கும், நமக்கு ஆகாது. நாங்கள் வாங்கினது பெரிய படகுக்கு ஆள் ஏற்றி இறக்க வைத்திருந்த 14 அடி வள்ளம். மட்டமான அடிப்பாகம். ஒன்பதாயிரம் ரூபாய். பாதி படகு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, குட்டியானையில் செல்லூருக்கு வந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. "தண்ணி வந்தா எங்களையும் ஏத்திக்க" என்று புக்கிங் வேறு.

தாத்தாவின் பழைய தறிக் கொட்டகைதான் ஒர்க்‌ஷாப்.

முதல் வேலை ரிப்பேர் இல்லை, காய வைப்பது. ஃபைபர் படகு தண்ணி குடிக்காது என்பது பாதி உண்மைதான். மேலே இருக்கும் ஜெல்கோட் வெடித்த இடத்தில் தண்ணி உள்ளே போய் மேட்டுக்கும் ரெசினுக்கும் நடுவில் தங்கும். உள்ளே வைத்த மரக்கட்டை ஊறும். அதன்மேல் புது ரெசின் போட்டால் ஒட்டாது, ஒட்டின மாதிரி நடிக்கும். படகைக் கவிழ்த்து வைத்து, ஃபேனும் ரெண்டு குண்டு பல்பும் போட்டு ஐந்து வாரம் விட்டோம். தெரு முனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வந்த அன்று 146 கிலோ. காய்ந்து, உளுத்த மரத்தை எல்லாம் வெட்டி எடுத்தபிறகு 120 கிலோ சொச்சம்.

அந்த "உளுத்த மரத்தை எல்லாம்" என்கிற இடத்தில்தான் தப்பு நடந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கெட்ட இடத்தைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், ஐந்து ரூபாய்க் காசு போதும். படகு முழுக்க ஒவ்வொரு அங்குலமாகத் தட்டிக்கொண்டே வர வேண்டும். நல்ல இடம் "டங்" என்று சொல்லும். லேயர் பிரிந்த இடம் "டொப்" என்று சொல்லும். டொப் சொன்ன இடத்தை எல்லாம் சாக்பீஸில் வட்டம் போட்டோம். கண்ணுக்குத் தெரிந்த ஓட்டை மூன்று, காதுக்குத் தெரிந்தது பதினொன்று.

ஓட்டையை அப்படியே அடைக்கக் கூடாது. சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். கனத்தைப் போல 12 மடங்கு தூரம் என்பது கணக்கு. எங்கள் படகின் கனம் 5 மில்லிமீட்டர், அதனால் ஓட்டையைச் சுற்றி 60 மில்லிமீட்டருக்குச் சரிவு. புதுசுக்கும் பழசுக்கும் நடுவில் ஒட்டுகிற பரப்பு கூடினால் அந்த ஒட்டில் விழும் ஷியர் ஸ்ட்ரெஸ் குறையும். ஓட்டையின் சைஸுக்கே வெட்டி வைத்த ஒட்டு, சட்டைப் பட்டன் மாதிரி ஒருநாள் தெறித்து விழும்.

அந்தத் தேய்க்கிற வேலை இருக்கிறதே, கண்ணாடி நூல் தூசி. கொரோனா காலத்து மாஸ்க் மீதி இருந்தது, மாட்டிக்கொண்டோம். முழுக்கை சட்டை போடாமல் ஒருநாள் வேலை பார்த்துவிட்டு ராத்திரி முழுக்கச் சொறிந்தேன். வெந்நீரில் குளித்தால் இன்னும் அரிக்கும். பச்சைத் தண்ணிதான்.

ரெசின் விஷயத்தில் ஒன்றே ஒன்று மட்டும் கெட்டியாகச் சொல்கிறேன். கடையில் மூன்று டப்பா தருவார்கள்: பாலியெஸ்டர் ரெசின், கோபால்ட் ஆக்சிலரேட்டர், கேட்டலிஸ்ட். ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. வெடிக்கும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஆக்சிலரேட்டரை ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கி முடித்தபிறகு, அடுத்ததாக நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்ற அளவில் கேட்டலிஸ்ட். அது ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வை போகலாம், அதனால் கண்ணாடி கட்டாயம். மதுரை வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகும், ஒரு வாளி நிறையக் கலக்கினால் அந்தச் சூட்டிலேயே புகைய ஆரம்பித்துவிடும். அரை கிலோ அரை கிலோவாகக் கலக்குங்கள்.

450 ஜிஎஸ்எம் மேட் ஒரு லேயர் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். எங்களுக்கு ஐந்து லேயர். நடுவில் ஒரு லேயர் மட்டும் நெய்த ரோவிங் போட்டோம். தாத்தா வந்து அதை விரலால் நெருடிப் பார்த்தார். "இது என்னடா புதுசு? பாவும் ஊடையும்தானே, நம்ம நெசவுதான். நூலுதான் கண்ணாடி" என்றார். மேட்டைக் காட்டினேன். "இது நெசவில்ல, கழிவு நூலை அள்ளிக் கொட்டினது." ரெண்டுமே சரி. மேட்டில் நூல் எல்லாத் திசையிலும் கிடப்பதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே பலம். ரோவிங்கில் பாவு, ஊடை திசையில் மட்டும் பலம் அதிகம். காம்போசிட்ஸ் எலெக்டிவில் ஒரு யூனிட் முழுக்க நடத்தியதைத் தாத்தா ஒரு நெருடலில் முடித்துவிட்டார்.

தெர்மாகோல் படலம்

இதை எழுதாமல் விட்டால் கிளாஸ் பசங்க விடமாட்டார்கள்.

செல்லூர்க்காரன் தெர்மாகோலைத் தொட்டாலே ஊர் சிரிக்கும். 2017 ஏப்ரலில் வைகை அணைத் தண்ணி ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் ஷீட் மிதக்கவிட்டு, அது காற்றில் கரை ஒதுங்கிய கதை எல்லோருக்கும் தெரியும். அது தெரிந்தும் நான் சீட்டுக்கு அடியில் மிதவைக்காகத் தெர்மாகோல் பிளாக் அடுக்கி, மேலே மேட் விரித்து ரெசின் ஊற்றினேன். கண் முன்னாலேயே அது சுருங்கி, குழிந்து, காணாமல் போனது. பாலியெஸ்டர் ரெசினில் ஸ்டைரீன் இருக்கிறது. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன். தன் இனத்தைத் தானே கரைத்துவிட்டது. ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி. எபாக்ஸி ரெசின் என்றால் கரையாது, ஆனால் விலை கட்டுப்படி ஆகாது.

மிதவை கணக்கு பெரிய விஷயம் இல்லை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் தண்ணியைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். 120 கிலோ படகு முழுக்க முங்கினால் 80 லிட்டர் தண்ணியை விலக்கும். மீதி 40 கிலோ கீழே இழுக்கும். அதையும் சாமானையும் தாங்கி, ரெண்டு பேர் பிடித்துத் தொங்கவும் வேண்டுமென்றால் 100 லிட்டர் அடைபட்ட காற்று வேண்டும். பரோட்டாக் கடையில் காலி எண்ணெய்க் கேன், ஐந்து லிட்டர், இருபது வாங்கினோம். மூடியை எம்சீல் வைத்து அடைத்து, சீட்டுப் பெட்டிக்குள் அடுக்கினோம். அமெரிக்காவில் 20 அடிக்குக் கீழ் இருக்கிற படகுகளுக்கு, தண்ணி நிரம்பினாலும் மிதந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த இருபது கேனால்தான் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

அந்த நாள்

சித்தப்பா ஊர்க் கண்மாய். பெரியாறு கால்வாய்த் தண்ணியும் மழைத் தண்ணியும் சேர்ந்து தளும்பிக் கிடந்தது. ஒரு ஓரம் முழுக்க அல்லி. கண்மாய் மீன் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், யாரையும் கேட்காமல் தூண்டில் போடக்கூடாது. குத்தகைக்காரர் சித்தப்பாவுக்குப் பழக்கம். "விரால் ரெண்டு புடிச்சா ஒண்ணு எனக்கு" என்று சொல்லிவிட்டார்.

காலையில் படகு அழகாக மிதந்தது. ரெண்டு பேர் ஏறினோம். அரை மணி நேரம் துடுப்புப் போட்டு அல்லி ஓரத்துக்கு வந்தோம். காலடியில் கொஞ்சம் தண்ணி சேர்ந்திருந்தது. அமரத்தில், பின்பலகையில், தண்ணி வடிய விடுகிற பத்து மில்லிமீட்டர் ஓட்டைக்கு மூடி கிடைக்காமல் எம்சீல் வைத்து அடைத்திருந்தேன். அது விட்டிருக்கிறது. பாதம் நனைகிற அளவுதான். "கரைக்குப் போய் பாத்துக்கலாம்" என்றேன். நான் சொன்ன வார்த்தை அது, பொறுப்பும் என்னுடையதுதான்.

மாப்ள யூடியூப் ஸ்டைலில் எழுந்து நின்று ராடைப் பின்னால் எடுத்தான். படகு மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது. திரும்பி நிமிரவில்லை. லேப் படகு சாய்ந்தால் ஆடி ஆடி நடுவுக்கு வரும். இது சாய்ந்த இடத்திலேயே "சரி, அப்புறம்?" என்று நின்றது. காலடித் தண்ணி மொத்தமும் சலசலவென்று அந்தப் பக்கம் ஓடியது, அவன் கால் வழுக்கி அதே பக்கம் விழுந்தான். அவ்வளவுதான்.

தண்ணி ஆழம் இல்லை. ஆனால் கண்மாய்ச் சேறு முழங்கால் வரை பிடித்துக்கொள்ளும், அல்லித் தண்டு காலைச் சுற்றும். நீச்சல் தெரியாதவனுக்கு நெஞ்சளவும் ஒன்றுதான், கிணறும் ஒன்றுதான். அவன் ரெண்டு தடவை உள்ளே போய் வந்தான். எங்களிடம் லைஃப் ஜாக்கெட் ஒன்று இருந்தது. அது சீட்டில் குஷனாக இருந்தது. கேன்கள் வேலை செய்ததால் படகு கவிழ்ந்தும் முங்காமல் மிதந்தது, அவன் கையை அதில் வைத்துவிட்டேன். குத்தகைக்காரர் ஆள் ஒருவர் நீளமான மூங்கிலோடு இறங்கி வந்து இழுத்துக் கரை சேர்த்தார். கரையில் அவன் பேசவே இல்லை. பஸ் ஏறினபிறகு, "எங்கம்மாகிட்ட சொல்லாத" என்றான்.

ஏன் கவிழ்ந்தது?

மூன்று நாள் கழித்துப் படகு விற்ற மேஸ்திரிக்குப் போன் செய்தேன். அவர் முதல் கேள்வியே இதுதான்: "தம்பி, உள்ள நெட்டுக்கு ஒரு கட்டை ஓடுமே, அது இருக்கா?"

படகின் உள்தளத்தில், அணியத்திலிருந்து அமரம் வரை நடுவில், ஏராவுக்கு நேர் மேலே, ஃபைபர் சுற்றின ஒரு மரக்கட்டை ஓடியது. அரை சாண் உயரம்கூட இல்லை. மரம் உளுத்திருந்தது. நிற்பதற்கு மட்டமான தளம் வேண்டுமே என்று அதை கிரைண்டரில் வெட்டி எடுத்துவிட்டு, தரையை வழவழவென்று முடித்திருந்தோம். அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு.

"எடுத்துட்டோம்ணே. உளுத்திருந்துச்சு."

"உளுத்தா வேற போடணும். அது சும்மா கெடந்த கட்டையில்ல தம்பி. உள்ள ஏறுற தண்ணி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடாம இருக்கப் போட்டது. அது என்ன வேலை பாத்துச்சுன்னு கேக்காம எடுத்தீகளா?"

அன்று ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன். வாருங்கள், சேர்ந்தே போடுவோம்.

தண்ணியில் படகின் பரப்பு தோராயமாக 3.6 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். செவ்வகம் என்றே வைத்துக்கொள்வோம். எடை: படகு 120, ஆள் ரெண்டு பேர் 130, சாமான் 20. மொத்தம் 270 கிலோ. அதாவது 0.27 கன மீட்டர் தண்ணியை விலக்க வேண்டும். முங்கும் ஆழம் 0.27 வகுத்தல் 3.6, அதாவது 7.5 சென்டிமீட்டர். மிதப்பு மையம் அதில் பாதி, 4 சென்டிமீட்டர் என்று வைப்போம்.

அடுத்தது, மெட்டாசென்டர் அந்த மிதப்பு மையத்துக்கு மேல் எவ்வளவு உயரம்? இரண்டாம் திருப்புத்திறனை விலக்கிய கனஅளவால் வகுக்க வேண்டும். நீளம் பெருக்கல் அகலத்தின் கனம் வகுத்தல் 12: அது 0.3. வகுத்தல் 0.27. விடை 1.11 மீட்டர். ஆக, அடியிலிருந்து மெட்டாசென்டர் 115 சென்டிமீட்டர் உயரத்தில்.

ஈர்ப்பு மையம்: ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தால் 39 சென்டிமீட்டர் வருகிறது. மெட்டாசென்ட்ரிக் ஹைட் 115 கழித்தல் 39, அதாவது 76. ஜம்மென்று இருக்கிறது. ஒருவன் எழுந்து நின்றால்? ஈர்ப்பு மையம் 50-க்கு ஏறுகிறது, மீதி 65. அப்போதும் ஒன்றும் ஆகாது.

இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கணக்குப்படி படகு கவிழ்ந்திருக்கவே கூடாது.

இப்போது உள்ளே 3 சென்டிமீட்டர் தண்ணியைச் சேர்ப்போம். தளம் 3.4 மீட்டர், 0.9 மீட்டர். 92 லிட்டர், 92 கிலோ. (பத்து மில்லிமீட்டர் ஓட்டை வழியாக, வெளியே உள்ளே மட்ட வித்தியாசம் 6 சென்டிமீட்டர் என்று வைத்து டோரிசெல்லி போட்டால் நிமிஷத்துக்கு மூன்று லிட்டர். அரை மணி நேரம். சரியாக நாங்கள் அல்லி ஓரத்துக்கு வந்த நேரம்.) மொத்த எடை 362 கிலோ. முங்கும் ஆழம் 10 சென்டிமீட்டர். மெட்டாசென்டர் 88-க்கு இறங்குகிறது. ஈர்ப்பு மையமும் 30-க்கு இறங்குகிறது, ஏனென்றால் தண்ணி அடியில் கிடக்கிறது. 88 கழித்தல் 30, மீதி 58. இதைப் பார்த்தால் கனம் ஏறி இன்னும் பத்திரமாக இருப்பது போலத்தான் தெரியும்.

ஆனால் தண்ணி மூட்டை இல்லை. படகு இந்தப் பக்கம் சாய்ந்தால் அதுவும் இந்தப் பக்கம் வரும். இதற்குப் பெயர் ஃப்ரீ சர்ஃபேஸ் எஃபெக்ட். கழிக்க வேண்டியது, உள்ளே இருக்கும் தண்ணிப் பரப்பின் திருப்புத்திறனை மொத்தக் கனஅளவால் வகுத்த விடை. 3.4 பெருக்கல் 0.9-இன் கனம் வகுத்தல் 12, வகுத்தல் 0.362. விடை 57 சென்டிமீட்டர்.

58 கழித்தல் 57. ஒன்று.

அதாவது பாதம் நனைகிற தண்ணியில், ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோதே அந்தப் படகுக்கு நிமிர்கிற சக்தி முடிந்துபோயிருந்தது. எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். மாப்ள எழுந்து நின்றதும் ஈர்ப்பு மையம் 38. விடை மைனஸ் 7.

இந்த ஃபார்முலாவில் கவனிக்க வேண்டிய விஷயம், தண்ணியின் ஆழம் அதில் எங்கேயும் இல்லை. அகலம்தான் இருக்கிறது, அதுவும் கனத்தில். ஆழம் குறைவாக இருந்தால் ஒரு பக்கம் சீக்கிரம் வற்றி, தண்ணி எல்லாம் தாழ்ந்த பக்கமாகக் குவியும். எங்கள் படகில் அது நாலு டிகிரி சாய்வில். அதைத்தான் நான் சலசலவென்று கேட்டேன்.

இப்போது மேஸ்திரியின் கட்டையைத் திருப்பி வைப்போம். நடுவில் நெடுக்கு வாக்கில் ஒரு தடுப்பு. 0.9 மீட்டர் தண்ணி ரெண்டு 0.45 ஆகிறது. கனம் என்பதால் ஒவ்வொன்றும் எட்டில் ஒரு பங்கு, ரெண்டும் சேர்ந்தால் நாலில் ஒரு பங்கு. 57 இருந்த இடத்தில் 14. அதே 92 லிட்டர், அதே மாப்ள எழுந்து நிற்கிறான்: 88 கழித்தல் 38 கழித்தல் 14. பிளஸ் 36. அரை சாண் உயரக் கட்டை ஒன்று மைனஸ் ஏழை பிளஸ் முப்பத்தாறு ஆக்குகிறது. குறுக்கே எத்தனை பலகை வைத்தாலும் இதற்குப் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் அகலம் மாறாது. நெட்டுக்குத்தான் வேண்டும்.

இது கண்மாய்ப் படகுக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை. 1987 மார்ச் 6-ல் பெல்ஜியத்தின் ஸீப்ரக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற கப்பல், முன்கதவை மூடாமல் போனது. கார் நிறுத்தும் தளம் தடுப்பே இல்லாத ஒரே ஹால். உள்ளே வந்த தண்ணி ஒரு பக்கம் ஓட, கொஞ்ச நேரத்துக்குள் சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள். இன்னும் பக்கத்தில், 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். அங்கே உள்தண்ணி இல்லை, விலங்கு பார்க்க ஆட்கள் ஒரு பக்கமாக நகர்ந்ததாகச் செய்தி வந்தது. நகர்கிற எடை தண்ணியானாலும் சரி, ஆளானாலும் சரி, படகுக்கு ஒன்றுதான். அந்த ஏரித் தண்ணிதான் சுரங்கம் வழியாக இறங்கி மேலூர்க் கண்மாய்களுக்கு வருகிறது. இதை எழுதும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

அந்த அமெரிக்கப் படகில் மட்டும் எப்படி நிற்கிறார்கள் என்று கேட்பீர்கள். அதன் அகலம் எட்டடி கிட்ட வரும். நம்முடையதைவிட ரெண்டரை மடங்கு. கனம் போட்டுப் பாருங்கள். தளத்துக்கு அடியிலும் ஃபோம் அடைத்திருப்பார்கள், தண்ணி ஓட இடமே இருக்காது. நாங்கள் தளத்தைப் பார்த்தோம், தளத்துக்கு அடியில் பார்க்கவில்லை.

விரால்

மார்ச்சில் புதுக் கட்டை போட்டோம். தேக்கு வாங்கக் காசில்லை. பிவிசி பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்துக் கவிழ்த்து, மேலே நாலு லேயர் மேட். உளுக்காது. அமரத்து ஓட்டைக்குப் பித்தளையில் திருகு மூடி. தண்ணி இறைக்க ஒரு மக்கு, கயிற்றில் கட்டி. லைஃப் ஜாக்கெட் ரெண்டு, உடம்பில். கரையோரமாக இடுப்பளவுத் தண்ணியில் நிறுத்தி, வேண்டுமென்றே ஐந்து வாளி தண்ணி ஊற்றி, நான் மட்டும் நின்று ஆட்டிப் பார்த்தேன். ஆடி ஆடி நடுவுக்கு வந்தது. லேப் படகு மாதிரி.

விரால் பிடிப்பதில் நான் இன்னும் எல்.கே.ஜி. தெரிந்தவரை சொல்கிறேன். விரால் செவுளோடு காற்றையும் சுவாசிக்கும், அதனால் அடிக்கடி மேலே வந்து வாய் வைத்துவிட்டுப் போகும். அந்தக் குமிழியைப் பார்த்து இடம் கண்டுபிடிக்க வேண்டும். முள் மேல்நோக்கி இருக்கும் ரப்பர் தவளை பாசியில் மாட்டாது. அல்லி இலைமேல் போட்டு, இழுத்து, நிறுத்தி, இழுக்க வேண்டும். அடித்த உடனே சுண்டினால் வெறும் தவளைதான் திரும்பி வரும். அது வாயை மூட ஒரு நொடி கொடுக்க வேண்டும். ஊர்ப் பெரியவர்கள் நிஜத் தவளையைக் குத்திப் போடுவார்கள், அவர்களுக்கு யூடியூப் தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். மழைக்காலத்தில் தண்ணிக்கு மேலே செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் ஒன்று கொப்பளித்துக்கொண்டு போகும். அதற்கு அடியில் தாயும் தகப்பனும் காவலுக்கு நிற்கும். எது அந்தப் பக்கம் வந்தாலும் பசியில்லாமலே அடிக்கும், அதனால் அப்போது பிடிப்பது ரொம்ப ஈஸி. பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சு அத்தனையும் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் கொக்குக்கும் இரை. குத்தகைக்காரர் எங்களிடம் போட்ட ஒரே கண்டிஷன் இதுதான். வேடிக்கை என்னவென்றால் இதே சாதி மீன், வடக்கத்தி இனம், 2002-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஒரு குளத்தில் கிடைத்தபோது ஊரே பயந்து, குளத்தில் மருந்து ஊற்றிக் கொன்றார்கள். பாஸ் மீனுக்குப் போட்டி வந்துவிடுமாம்.

நாலாவது தடவை போனபோது ஒன்று அடித்தது. முக்கால் கிலோ இருக்கும். ஒன்றுதான் கிடைத்தது, சொன்ன வாக்குப்படி குத்தகைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டது. பிடித்தவன் மாப்ள. இப்போது பஸ் ஏறுவதற்கு முன்பு கட்டை இருக்கிறதா என்று காலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படகில் ஏறுகிறான். சனிக்கிழமை தோறும் ஒத்தக்கடை பக்கம் நீச்சல் பழகுகிறான். நான் நின்று வீசுகிறேன். அவன் இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் வீசுகிறான். அந்த விராலும் அப்படி உட்கார்ந்து வீசினதில் வந்ததுதான்.